அன்னாசி வாசம் தேடியவர் கார் புகையின் மர்மத்தை உடைத்த கதை: யார் இந்த ஹாகன்-ஸ்மிட்?

சேலம் – பெங்களூரு நெடுஞ்சாலையில், தர்மபுரி பக்கம் ஏதோ ஒரு பெட்ரோல் பங்க். அதன் ஓரத்தில் புகைப் பரிசோதனை மையம். டி.என். 29 நம்பர் போட்ட பழைய மாருதி 800 ஒன்று வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1998 மாடல். இன்ஜினை அணைக்காமல் நியூட்ரலில் விடச் சொல்கிறார்கள். சைலன்சர் குழாய்க்குள் ஒரு குழலைச் செருகுகிறார்கள். திரையில் எண்கள் ஓடி நிற்கின்றன. நம்பர் பிளேட்டை ஒரு போட்டோ, ஒரு பிரிண்ட், அவ்வளவுதான். பி.யூ.சி. சான்றிதழ் கையில்.

திரையில் வந்த எண்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று கார்பன் மோனாக்சைடு, சதவீதத்தில். இன்னொன்று ஹைட்ரோகார்பன், அதாவது எரியாமல் தப்பித்து வெளியே வரும் பெட்ரோல், பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கில். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 115-வது விதிதான் இதற்கு அடிப்படை. பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய பெட்ரோல் காருக்கு வரம்பு 3 சதவீதம் மற்றும் 1500. பி.எஸ். 2, பி.எஸ். 3 கார்களுக்கு 0.5 சதவீதம், 750. பி.எஸ். 4, பி.எஸ். 6 கார்களுக்கு 0.3 சதவீதம், 200.

பார்த்தீர்களா? பக்கத்தில் நிற்கும் 2018 மாடல் கார் விடக்கூடிய கார்பன் மோனாக்சைடைப் போல பத்து மடங்கு விட்டாலும் அந்த மாருதி பாஸ். பதிலுக்கு, புதிய காருக்குச் சான்றிதழ் ஒரு வருடம் செல்லும், பழையதுக்கு ஆறு மாதம்தான். சான்றிதழ் இல்லாமல் பிடிபட்டால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 15 வருடம் ஆன காரை ஓட்டவே கூடாது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தடை டெல்லி வட்டாரத்துக்காகப் பிறந்தது, தர்மபுரிக்கு இல்லை. இங்கே 15 வருடம் முடிந்ததும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காரைக் காட்டி, எஃப்.சி. வாங்கி, பதிவை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

சரி, ஏன் இந்த இரண்டு எண்கள்? சைலன்சரிலிருந்து வருவது கெட்டது என்று யார் சொன்னது, எப்போது சொன்னது? கறுப்பாகப் புகை வந்தால் கெட்டது என்று எல்லாருக்கும் தெரியும். புகையே தெரியாத வண்டியும் காற்றைக் கெடுக்கும் என்பதைக் கண்டுபிடிக்க ஒருவர் தேவைப்பட்டார். அவர் கார் இன்ஜினியர் இல்லை. பழங்களின் வாசனையை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். பெயர் ஆரி யான் ஹாகன்-ஸ்மிட்.

நாணயச் சாலை வேதியியலாளரின் மகன்

1900 டிசம்பர் 22-ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் பிறந்தார். அப்பா அங்கிருந்த நாணயச் சாலையில் தலைமை வேதியியலாளர். வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று உலோகத்தின் சுத்தத்தை அளப்பது அப்பாவின் வேலை. பையனும் வேதியியல் பக்கமே போனார். ஆனால் உலோகம் அல்ல, செடி. உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1929-ல் முனைவர் பட்டம். தாவர எண்ணெய்களுக்கு மணம் கொடுக்கும் செஸ்குயிடெர்பீன் என்ற சேர்மங்கள்தான் ஆய்வுப் பொருள். அதன்பிறகு அதே ஊரில் தாவர ஹார்மோன்களைப் பிரித்தெடுக்கும் ஆய்வுக் குழுவில் வேலை.

1936-ல் அமெரிக்கா போனார். முதலில் ஹார்வர்டு. அடுத்த வருடமே கலிஃபோர்னியாவின் பாசடேனா நகரிலுள்ள கால்டெக். மரபணு ஆய்வுக்கு நோபல் பரிசு வாங்கிய தாமஸ் ஹன்ட் மார்கன் அங்கே உயிரியல் துறையை நடத்திக்கொண்டிருந்தார். 1940-ல் ஹாகன்-ஸ்மிட் பேராசிரியர் ஆனார். கூட வேலை பார்த்தவர்கள் சுருக்கமாக ஹாகி என்று கூப்பிடுவார்கள்.

செடியில் காயம் பட்டால் அதை ஆற வைக்கத் தூண்டும் டிரமேடிக் அமிலத்தைப் பிரித்தெடுத்ததில் அவருக்குப் பங்கு உண்டு. அப்புறம் வாசனை. வெங்காயம், பூண்டு, ஒயின், அன்னாசி. ஒரு பழத்தை அந்தப் பழமாக நம் மூக்குக்குக் காட்டுவது எது என்பதுதான் கேள்வி. மாம்பழ சீசனில் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் லோடு வண்டி போனாலே தெரு முழுக்க மணக்கும் இல்லையா, அந்த மணத்தை எடைபோட்டால் ஒன்றுமே இருக்காது. ஆயிரக்கணக்கான கிலோ அன்னாசியை அரைத்து, அதிலிருந்து எழும் ஆவியைக் கடும் குளிரில் உறைய வைத்து, கடைசியில் அவருக்குக் கிடைத்தது சில கிராம் திரவம். காற்றில் மிகக் குறைவாக இருக்கும் ஒன்றைப் பிடித்து, அது என்னவென்று சொல்லும் திறமை அப்போது உலகத்தில் வெகு சிலருக்குத்தான் இருந்தது. அதில் ஒருவர், உலகத்திலேயே காற்று மிக மோசமாகிக்கொண்டிருந்த ஒரு நகரத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தார்.

லாஸ் ஏஞ்சல்ஸில் கண் எரிந்த நாள்

1943 ஜூலை 26. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மையத்தில் பழுப்பு மூட்டம் இறங்கியது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது, சில தெருக்களுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஜப்பான் விஷவாயு போட்டுவிட்டதோ என்று கூட மக்கள் பயந்தார்கள். செயற்கை ரப்பருக்கான பியூட்டாடையீன் தயாரித்த ஆலை மேல் பழி விழுந்தது. அதை நிறுத்திப் பார்த்தார்கள். மூட்டம் நிற்கவில்லை.

புகையும் பனியும் சேர்ந்த மூட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஸ்மாக் என்று பெயர். அந்தப் பெயர் லண்டனைப் பார்த்து வந்தது. லண்டனில் நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகம்தான் வில்லன். 1952 டிசம்பரில் சில நாள் நீடித்த மூட்டத்தில் அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள். எனவே லாஸ் ஏஞ்சல்ஸ் அதிகாரிகளும் கந்தகத்தையே தேடினார்கள். 1947-ல் மாவட்ட அளவில் காற்று மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு உருவாக்கி, ஆலைகளின் கந்தகத்தைக் குறைக்க வைத்தார்கள். குறைந்தது. ஆனால் கண் எரிச்சல் குறையவே இல்லை.

லண்டன் மூட்டம் குளிர்காலத்தில், ஈரத்தில், இருட்டில் வரும். லாஸ் ஏஞ்சல்ஸ் மூட்டமோ நல்ல வெயில் நாளில், பகலில் ஏறும். இது வேறு சரக்கு என்று சந்தேகிக்க அந்த ஒரு விஷயமே போதும். ஆனால் அதைத் துரத்திப் பிடிக்க ஆள் வேண்டுமே.

கீரைதான் முதலில் காட்டிக்கொடுத்தது. லாஸ் ஏஞ்சல்ஸைச் சுற்றியிருந்த தோட்டங்களில் பசலைக் கீரை, பீட்ரூட் போன்றவற்றின் இலைகள் அடிப்பக்கம் வெள்ளி பூசியது மாதிரி மின்னி, பிறகு பழுப்பாகி வீணாகின. கந்தகம் இப்படிச் செய்யாது. 1948 வாக்கில், செடிகளைப் பற்றித் தெரிந்த வேதியியலாளர் என்ற முறையில் ஹாகன்-ஸ்மிட்டிடம் இதைப் பார்க்கச் சொன்னார்கள். பி.எச். மீட்டரை உருவாக்கிய ஆர்னால்டு பெக்மனும் அவரை இந்தப் பக்கம் தள்ளிவிட்டவர்களில் ஒருவர்.

அன்னாசி ஆவியைப் பிடித்த அதே கருவியை எடுத்தார். அதில் பழத்துக்குப் பதிலாக பாசடேனா காற்று. சுமார் 30,000 கன அடிக் காற்றைக் குளிர்ப் பொறிகள் வழியே இழுத்தார். கிடைத்தது சில துளிகள் பழுப்புத் திரவம், சகிக்க முடியாத நெடி. ஆராய்ந்ததில் ஆல்டிஹைடுகள், கரிம அமிலங்கள், பெராக்சைடுகள். வாசனை ஆராய்ச்சி செய்தவருக்கு இது உடனே புரிந்தது: பெட்ரோலிய ஆவி காற்றிலேயே பாதி ஆக்சிஜனேற்றம் அடைந்த மிச்சம் இது. எங்கேயும் நெருப்பு இல்லை. வெட்டவெளியில், வெயிலில் நடந்த சமையல்.

சமையலுக்கு யார் அடுப்பு மூட்டியது?

இன்ஜினுக்குள் வெப்பம் மிக அதிகமாகும்போது, காற்றில் சும்மா இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகின்றன. எந்த எரிபொருள் போட்டாலும் இது நடக்கும், ஏனென்றால் நைட்ரஜன் வருவது காற்றிலிருந்து. வெளியே வந்த நைட்ரஜன் டை ஆக்சைடை சூரிய ஒளி உடைக்கிறது. பிரிந்த ஒற்றை ஆக்சிஜன் அணு, பக்கத்து ஆக்சிஜன் மூலக்கூறோடு ஒட்டிக்கொண்டு ஓசோன் ஆகிறது. ஹைட்ரோகார்பன் இல்லாவிட்டால் இந்த ஓசோன் வந்த வேகத்தில் அழிந்து ஒரு சமநிலையில் நின்றுவிடும். ஹைட்ரோகார்பன் நடுவில் புகுந்தால் அந்த அழிவு தடுக்கப்பட்டு, ஓசோன் ஏறிக்கொண்டே போகும்.

வானத்தில் உயரத்தில் இருக்கும் ஓசோன் நம்மைக் காப்பாற்றுவது. மூக்கு மட்டத்தில் இருந்தால் அதே ஓசோன் நுரையீரலை அரிக்கும், இலையைக் கருக்கும், ரப்பரை வெடிக்க வைக்கும். லாஸ் ஏஞ்சல்ஸில் டயர்கள் மற்ற ஊர்களைவிட சீக்கிரம் பக்கவாட்டில் வெடிப்பு விடுகின்றன என்பது ரப்பர் கம்பெனிகளுக்கு ஏற்கெனவே தெரியும். ஹாகன்-ஸ்மிட் அதையே அளவுகோல் ஆக்கினார். வளைத்த ரப்பர் துண்டுகளைக் காற்றில் வைத்து, எவ்வளவு நேரத்தில், எவ்வளவு ஆழமாக வெடிப்பு விழுகிறது என்று பார்த்து ஓசோனின் அளவைக் கணித்தார். காசில்லாத மீட்டர்.

அப்புறம், கண்ணாடிக் குடுவையில் பெட்ரோல் ஆவியையும் நைட்ரஜன் டை ஆக்சைடையும் சேர்த்து வெயிலில் வைத்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் நெடி அப்படியே வந்தது. அந்தக் காற்றில் செடியை வைத்தால் இலை வெள்ளியாக மின்னியது, ரப்பர் வெடித்தது, ஆட்களை உட்கார வைத்தால் கண் எரிந்தது. 1950-ல் ஓசோன்தான் காரணம் என்று அறிவித்தார். 1952-ல் முழு வேதியியலையும் கட்டுரையாக வெளியிட்டார். ஆவி எங்கிருந்து வருகிறது என்பதற்கும் பதில் வைத்திருந்தார்: எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், அதைவிடப் பெரிதாக, ஊரிலுள்ள கார்கள்.

இதுக்கு அப்புறம்தான் பிரச்னையே.

கேலிக்குப் பிறகு மாறிய பாதை

எண்ணெய் நிறுவனங்களின் சங்கம், ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து புகைமூட்டத்தை ஆராய வைத்திருந்தது. அந்த நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர் கால்டெக்கிற்கே வந்து பேசினார். ஹாகன்-ஸ்மிட்டின் முடிவு தப்பு என்பதுதான் பேச்சின் சாரம். ஹாகன்-ஸ்மிட் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அதுவரைக்கும் அவருக்கு இது இடையில் வந்த வேலை. முடித்துக் கொடுத்துவிட்டு அன்னாசிக்கும் ஒயினுக்கும் திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தார். அந்தப் பேச்சுக்குப் பிறகு வாசனை ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு முழு நேரமும் காற்று மாசுக்கே வந்துவிட்டார் என்று அவருடன் பணியாற்றியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எதிராளிகள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவர் ஒரு நல்ல வாசனை விஞ்ஞானியாகவே ஓய்வு பெற்றிருப்பார் போல.

கார் கம்பெனிகளும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. 1953-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட நிர்வாகக் குழு உறுப்பினர் கென்னத் ஹான், ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். கார் விடும் ஆவி காற்றில் சீக்கிரம் கலைந்துவிடும், பிரச்னை ஆகாது என்ற அர்த்தத்தில் பதில் வந்தது. ஆனால் 1950-களின் நடுவில் மற்ற ஆய்வகங்களும் அதே சோதனையைச் செய்து அதே முடிவுக்கு வந்தன. 1969-ல், மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் வருவதைத் தாமதப்படுத்தக் கூட்டுச் சேர்ந்தார்கள் என்று பெரிய கார் கம்பெனிகள் மேல் அமெரிக்க நீதித் துறை வழக்கே போட்டது. அது சமரசத்தில் முடிந்தது.

மெதுவாக விதிகள் வந்தன. வீட்டுக் கொல்லையில் குப்பை எரிக்க 1957-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தடை. 1960-ல் கலிஃபோர்னியா மோட்டார் வாகன மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை அமைத்தபோது ஹாகன்-ஸ்மிட் அதில் உறுப்பினர். இன்ஜின் கிராங்க்கேஸிலிருந்து கசியும் ஆவியை மறுபடி இன்ஜினுக்கே திருப்பிவிடும் வால்வு 1963 மாடல்களிலிருந்து கட்டாயம். 1966 மாடலிலிருந்து புதிய கார்களின் புகைக்கு வரம்பு. அமெரிக்காவிலேயே முதல் வரம்பு அதுதான். அளந்தது எவற்றை? ஹைட்ரோகார்பன், கார்பன் மோனாக்சைடு.

தர்மபுரி பங்க்கில் திரையில் ஓடுகிற அதே ஜோடி.

பாதி மருந்து கொடுத்தால் என்ன ஆகும்

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. இன்றைக்கு பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான்.

ஹைட்ரோகார்பனையும் கார்பன் மோனாக்சைடையும் குறைக்க எளிய வழி ஒன்று உண்டு. இன்ஜினுக்குப் போகும் கலவையில் பெட்ரோலைக் குறைத்து, காற்றைக் கூட்டுவது. நம்ம ஊர் மெக்கானிக் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகிச் செய்வது அதேதான். எரிபொருள் முழுசாக எரியும். திரையில் எண் இறங்கும். ஆனால் எரியும் சூடு கூடி, ஆக்சிஜனும் மிச்சம் இருந்தால் நைட்ரஜன் ஆக்சைடு ஏறும். 1966-லிருந்து கலிஃபோர்னியா கார்களில் நடந்தது இதுதான். விதிப்படி இரண்டு எண்கள் இறங்கின, விதியில் இல்லாத மூன்றாவது எண் ஏறியது. 1966 முதல் 1970 வரை விற்ற கார்கள் அதற்கு முந்தைய கார்களைவிட அதிகமாக நைட்ரஜன் ஆக்சைடு விட்டன.

ஹாகன்-ஸ்மிட்டின் குடுவையில் இரண்டு பொருள்கள் இருந்தன. சட்டம் அதில் ஒன்றைத்தான் முதலில் எடுத்துக்கொண்டது.

1968-ல் கலிஃபோர்னியா காற்று வள வாரியம் தொடங்கியது. ரொனால்டு ரீகன் அப்போது அங்கே கவர்னர். வாரியத்தின் முதல் தலைவர் ஹாகன்-ஸ்மிட், 67 வயதில். பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்து நேராக அரசியல் நடுவே. 1971-ல் புதிய கார்களுக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கொண்டுவந்தார்கள், அதுவும் நாட்டிலேயே முதல் தடவை. இதற்கு முந்தைய வருடமே அமெரிக்க நாடாளுமன்றம் தூய காற்றுச் சட்டம் இயற்றியிருந்தது. அதன் விளைவாக 1975 மாடல்களில் கேடலிடிக் கன்வெர்ட்டர் வந்தது. அதில் ஈயம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வந்தது.

புதிய கார் விஷயம் சுலபம். கம்பெனியிடம் சொன்னால் போதும். ஏற்கெனவே ரோட்டில் ஓடுகிற கார்களை என்ன செய்வது? அவை கம்பெனியிடம் இல்லை, ஜனங்களிடம் இருக்கின்றன. அதிலும் பழைய கார் வைத்திருப்பவர் பெரும்பாலும் புதுசு வாங்க முடியாதவர். 1966–70 மாடல்களில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் கருவியைக் கூடுதலாகப் பொருத்த வேண்டும் என்ற திட்டம் கலிஃபோர்னியாவில் பெரிய தகராறானது. கருவிக்குக் காசு யார் கொடுப்பது, மைலேஜ் குறையுமா, இன்ஜின் சூடாகுமா என்று ஏகப்பட்ட சண்டை. 1973-ன் பிற்பகுதியில் எண்ணெய் நெருக்கடி வேறு சேர்ந்துகொண்டது. அந்த வருடத்தோடு ஹாகன்-ஸ்மிட்டின் தலைவர் பதவி முடிந்தது. அதே வருடம்தான் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. கருவித் திட்டம் சில வருடங்களில் பெரும்பாலும் கைவிடப்பட்டது.

1977-ன் தொடக்கத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் எல் மான்டே என்ற இடத்திலிருந்த வாரியத்தின் வாகனப் பரிசோதனைக் கூடத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து, மார்ச் 17-ல், பாசடேனாவில் இறந்தார். 76 வயது. நுரையீரல் புற்றுநோய்.

அவர் பார்க்காத பரிசோதனை

ஓடும் கார்களுக்கான ஸ்மாக் செக் திட்டம் கலிஃபோர்னியாவில் 1984-ல்தான் தொடங்கியது, அவர் இறந்து ஏழு வருடம் கழித்து. இன்றும் அங்கே மாசு அதிகமுள்ள பகுதிகளில் 1976 முதல் 1999 வரையிலான பெட்ரோல் கார்களை நிறுத்தி வைத்து மட்டும் சோதிப்பதில்லை. உருளைகள் மேல் ஏற்றி, சுமை கொடுத்து ஓட வைத்து, நைட்ரஜன் ஆக்சைடையும் சேர்த்து அளக்கிறார்கள். 2000-க்குப் பிந்தைய கார்களில் உள்ளிருக்கும் கம்ப்யூட்டரையே கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். 1975 மற்றும் அதற்கு முந்தைய கார்களுக்கு முழு விலக்கு. அவர் காலத்தில் எந்தக் கார்களுக்காக அவ்வளவு சண்டை நடந்ததோ, அவை எல்லாம் இன்று விலக்குப் பட்டியலில். எண்ணிக்கையில் மிகக் குறைவு என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை.

இந்தியாவுக்கு இதெல்லாம் மெதுவாக வந்தது. பெட்ரோல் கார்களுக்கான முதல் புகை வரம்பு 1991-ல். 1995-ல் கேடலிடிக் கன்வெர்ட்டரும் ஈயமில்லாத பெட்ரோலும் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு ஊர்களில் மட்டும் ஆரம்பம். ஈயப் பெட்ரோல் நாடு முழுக்க நின்றது 2000-ல். தர்மபுரி போன்ற ஊர்கள் அந்த வரிசையில் பின்னால்தான் நின்றன. 1998-ல் சென்னையில் வாங்கிய கார் ஒரு ரகம், இங்கே வாங்கிய கார் வேறு ரகமாக இருந்திருக்கலாம். பழைய காருக்கு 3 சதவீதம் என்ற தாராளமான வரம்பு ஏன் என்பதற்கும் இதுவே காரணம். கன்வெர்ட்டர் இல்லாத இன்ஜினிடம் 0.3 சதவீதம் கேட்டால் அது பாஸ் ஆகவே ஆகாது. ஒரு வண்டி பிறந்த காலத்தின் தொழில்நுட்பத்தை வைத்தே அதை மதிப்பிட வேண்டும் என்ற நியாயம் இதில் இருக்கிறது. காற்றுக்கு அந்த நியாயம் தெரியாது, அது வேறு விஷயம்.

புதிய மாடல் ஒன்று இந்தியாவில் விற்பனைக்கு வருவதற்கு முன்னால் புனே, சென்னை பக்கத்திலுள்ள ஒரகடம் போன்ற பரிசோதனை மையங்களில் உருளை மேல் ஓட்டி, நைட்ரஜன் ஆக்சைடு உட்பட அளக்கிறார்கள். ஆனால் அந்தக் கார் ஷோரூமை விட்டு வெளியே வந்த பிறகு, அதன் ஆயுள் முழுக்க பி.யூ.சி. மையத்தில் அந்த எண்ணை யாரும் கேட்பதில்லை. பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், புதிய ரகங்களுக்குக் கூடுதலாகக் காற்று–எரிபொருள் விகிதம். டீசலுக்கு, ஆக்சிலேட்டரை மிதித்து வரும் புகை எவ்வளவு கறுப்பு என்பது. பி.எஸ். 4-க்கு முந்தைய டீசல் வண்டிக்கு வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு, பி.எஸ். 4-க்கு 50. நைட்ரஜன் ஆக்சைடு அதிகம் விடுவது டீசல்தான் என்றாலும் இங்கேயும் அந்த எண் இல்லை.

அதனால் இந்தப் பரிசோதனை வீண் என்று அர்த்தமா? இல்லை. கார்பன் மோனாக்சைடு நேரடியாக ஆளைக் கொல்லும் வாயு. ஹைட்ரோகார்பன் அதிகமாக வந்தால் ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் என்று எங்கேயோ கோளாறு என்று அர்த்தம். பெட்ரோல் காசும் சேர்ந்துதான் வீணாகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இது தெரிவது நல்லதே. ஆனால் சான்றிதழைப் பார்த்துவிட்டு, இந்தக் கார் காற்றைக் கெடுக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. நின்ற இடத்தில் சும்மா இயங்கும் இன்ஜின், நைட்ரஜன் ஆக்சைடை மிகக் குறைவாகவே உருவாக்கும். சுமை ஏறும்போது, மேட்டில் திணறும்போது, சூடு கூடும்போதுதான் அது கொட்டும்.

பரிசோதனைக் கூடம் ஒன்று, ரோடு இன்னொன்று என்ற இந்த இடைவெளியில் உலகத்தின் பெரிய மோசடி ஒன்று ஒளிந்திருந்தது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு, டீசல் கார்களுக்குள் அளவுக் கருவியை வைத்து நிஜ ரோட்டில் ஓட்டிப் பார்த்தது. அரவிந்த் திருவேங்கடம் என்ற ஆய்வாளரும் அந்தக் குழுவில் இருந்தார். 2014-ல் வெளிவந்த அவர்களுடைய எண்களைக் கூடத்தில் சரிபார்த்தது கலிஃபோர்னியா வாரியம், எல் மான்டேயில், ஹாகன்-ஸ்மிட் பெயர் வைத்த அதே கட்டடத்தில். 2015 செப்டம்பரில் விஷயம் வெளியே வந்தது. ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களில் இருந்த மென்பொருள், தன்னைப் பரிசோதிக்கிறார்கள் என்று தெரிந்தால் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். ரோட்டில் இறங்கியதும் அனுமதித்த அளவைப் போல 40 மடங்கு வரை விடும். எதை? நைட்ரஜன் ஆக்சைடை. இந்தியாவிலும் சுமார் 3.23 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாக அந்த நிறுவனம் அறிவித்தது.

தர்மபுரி மாருதியில் அப்படி மென்பொருள் எதுவும் கிடையாது. ஏமாற்றத் தெரியாத வண்டி அது. நியூட்ரலில் நின்று, இரண்டு எண்களைக் காட்டி, ஆறு மாதச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, சேலத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அன்றைக்கு மத்தியானமே திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஐந்து பேர், டிக்கியில் சீர்வரிசைப் பாத்திரம். தொப்பூர் கணவாயில் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றி, முன்னால் ஊர்ந்து ஏறும் லாரிகளுக்குப் பின்னால் அதுவும் ஏறுகிறது. சைலன்சரில் புகை எதுவும் தெரியவில்லை. நல்ல வெயில்.